நிலவில் செங்கல்: சுடுவதா, பாக்டீரியாவை விட்டு இறுக்குவதா?

கல்லூரி ப்ராஜெக்டுக்கு நிலவு மண் செங்கல் என்று முடிவானதும், எங்கள் முன்னால் இரண்டு வழிகள் நின்றன: மண்ணைச் சூளையில் சுடுவது, அல்லது பாக்டீரியாவை விட்டு இறுக்குவது. சுடுவதைத்தான் எடுத்தோம். இன்றும் நான் அந்தப் பக்கம்தான்.

இன்னொரு வழியான கந்தகக் கான்கிரீட்டை, அதாவது உருக்கிய கந்தகத்தால் மண்ணைப் பிணைப்பதை, எடுத்த எடுப்பிலேயே ஒதுக்கிவிட்டோம். செவ்வாய்க்கு நல்ல யோசனை, தண்ணீரே வேண்டாம். காற்றே இல்லாத நிலவில் கந்தகம் மெல்ல மெல்ல ஆவியாகிவிடும்.

பாக்டீரியா செங்கல்லை இஸ்ரோவும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2020-ல் செய்துகாட்டின. ஸ்போரோசார்சினா பாஸ்டியூரி என்ற பாக்டீரியா யூரியாவை உடைக்கும். கூடவே கால்சியமும் இருந்தால் கால்சியம் கார்பனேட் உருவாகி மண்துகள்களைப் பிணைக்கும். கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் குவார் கம் என்ற பிசின் இன்னும் இறுக்கும். பெரிய சூடு தேவையில்லை. யூரியாவைச் சிறுநீரிலிருந்தே எடுக்கலாம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு கல்லுக்கும் பூமியிலிருந்து என்னென்ன போக வேண்டும் என்று கணக்குப் போட்டால் விஷயம் மாறிவிடுகிறது. கால்சியம் உப்பு, பிசின், தண்ணீர் மூன்றில் ஒன்று தீர்ந்தாலும் வேலை நின்றுவிடும். துருவப் பள்ளங்களில் பனி இருக்கிறதே என்பார்கள். அதற்குக் குடிநீரும் ராக்கெட் எரிபொருளும் முன்வரிசையில் நிற்கும், செங்கல் கடைசியில்தான். தவிர, பாக்டீரியா வளரக் காற்றழுத்தமும் மிதமான வெப்பமும் உள்ள அறை வேண்டும். வீடு கட்டுவதற்கு முன் ஒரு வீடு!

சுடுவதற்கு மண்ணும் வெயிலும் போதும். நிலவு மண் ஏற்கெனவே மாவாகத்தான் கிடக்கிறது. ஐரோப்பிய விண்வெளி முகமையின் திட்டத்தில், 2017-ல் ஜெர்மனியின் கொலோன் நகரச் சூரிய உலையில் 147 கண்ணாடிகளால் வெயிலைக் குவித்து, செயற்கை நிலவு மண்ணை 0.1 மி.மீ. அடுக்குகளாக 1000 டிகிரியில் சுட்டார்கள். 20 செ.மீ. நீளக் கல் ஒன்றுக்குச் சுமார் 5 மணி நேரம். மெதுவான வேலைதான். ஓரங்கள் சீக்கிரம் ஆறியதால் சில கற்கள் வளைந்தும் போயின.

சுட்ட கல்லின் பலவீனம் விரிசல். நிலநடுக்கோட்டுப் பகுதியில் பகலில் 120 டிகிரி வரை ஏறி, இரவில் மைனஸ் 130-க்கு இறங்கும் இடத்தில் எந்தக் கல்லும் என்றைக்காவது கீறும். 2025-ல் அதே பெங்களூரு குழு, சுட்ட கல்லின் வெடிப்பில் பாக்டீரியாக் கலவையை ஊற்றி, இழந்த வலிமையில் ஒரு பகுதியை மீட்டது. பாக்டீரியாவுக்கு நான் கொடுக்கும் இடமும் அதுதான், பூச்சு வேலை.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் சுட்டது சாதாரண ஃபர்னஸில், காற்றோட்டத்தில். நிலவு மண்ணுக்குப் பதிலாக எடுத்தது பசால்ட் என்ற எரிமலைப் பாறையின் தூள். கருங்கறுப்பாக உள்ளே போன அது, இரும்பு ஆக்சிஜனேற்றமாகிச் செம்பழுப்பாக வெளியே வந்தது. நிலவில் அப்படி நடக்காது. எனவே எங்கள் வலிமை எண்களை வெற்றிடத்துக்கு அப்படியே பொருத்தக் கூடாது. இன்னொரு முறை செய்தால் பசால்ட்டை விட்டுவிட்டு நாமக்கல் மாவட்டச் சித்தம்பூண்டியில் கிடைக்கும் அனார்த்தசைட் என்ற வெளிர்நிறப் பாறையை எடுப்பேன். சந்திரயான்-2 சோதனைக்கு இஸ்ரோ மண் தயாரித்தது அந்தப் பாறையில்தான், நிலவின் மேட்டுநிலத்துக்கும் அதுதான் நெருக்கம்.

கல்லூரியில் 1100 டிகிரி தாங்கும் ஃபர்னஸ் இல்லையென்றால் யோசிக்காமல் பாக்டீரியாவுக்குப் போங்கள். அச்சு, இன்குபேட்டர், பொறுமை இருந்தால் போதும்.