350 ரூபாய்க்கு ஒரு பெட்டி பொம்மைகள்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகளுக்கு நான் போவது வால்வு ரேடியோ பாகம் தேடித்தான். போன மாதம் ஒரு கடையில் எனாமல் தூக்குகளுக்கு அடியில் 'தண்டர்பேர்ட்ஸ்' டிவிடி பெட்டி கிடந்தது. 600 சொன்னார்கள், 350-க்கு முடிந்தது.

1965-66இல் இங்கிலாந்தில் வந்த பொம்மலாட்டத் தொடர் இது, மொத்தம் 32 கதைகள். எடுத்தவர் ஜெரி ஆண்டர்சன். மனுஷனுக்குப் பொம்மை மேல் ஆசையெல்லாம் இல்லை. நடிகர்களை வைத்துப் படம் எடுக்கத்தான் ஆசை. கையில் வேலை இல்லாத நேரத்தில் 1957இல் ஒரு பொம்மைத் தொடர் தேடி வந்தது, ஒப்புக்கொண்டார். அப்புறம் பத்துப் பன்னிரண்டு வருஷம் பொம்மை விடவில்லை.

டிவி ரிப்பேரிலேயே காலம் தள்ளிய எனக்குப் பிடித்தது அந்த வாயசைவு. பொம்மையைத் தாங்கும் மெல்லிய டங்ஸ்டன் கம்பியிலேயே சிக்னலும் போகிறது. முன்னாலேயே பதிவு செய்த பேச்சுக்குத் தக்கபடி தலைக்குள் இருக்கும் சாலினாய்டு (கரண்ட் பாய்ந்தால் இழுக்கும் காந்தச் சுருள்) உதட்டை இழுக்கிறது. அந்தச் சாமான் உள்ளே உட்கார வேண்டும் என்பதால்தான் உடம்பைவிடத் தலை பெரிசு. 1967இல் அவர் எடுத்த 'கேப்டன் ஸ்கார்லெட்' பொம்மைத் தொடரில் அதை நெஞ்சுக்கு இறக்கிவிட்டார்கள், தலை அளவாகிவிட்டது.

நடைதான் தகராறு. நம்மூர் மரப்பாவைக்கு நீளப் பாவாடை கட்டிக் காலை மறைத்துவிடலாம், ஆட்டுகிறவர் சலங்கை மீதியைப் பார்த்துக்கொள்ளும். பேன்ட் போட்ட பொம்மைக்கு அது செல்லாது. ஆண்டர்சன் அவர்களை நடக்கவிடாமல் கார், ராக்கெட், நீர்மூழ்கி என்று ஏற்றிவிட்டார். பேரன் வாய் பிளந்து பார்ப்பது அந்த வண்டிகளைத்தான்!

ஆனால் சில கதைகள் வளவளவென்று போகின்றன. முதலில் 25 நிமிடக் கதையாகத்தான் எடுத்தார்கள். பணம் போட்ட லூ கிரேடு பார்த்து அசந்துபோய் 50 நிமிடமாக்கச் சொல்ல, எடுத்து வைத்ததையும் இழுத்திருக்கிறார்கள். அந்த இடங்களில் என் வீட்டுக்காரி எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

தமிழ் கிடையாது, பேரனுக்கு நான்தான் கதை சொல்கிறேன். கடைசி டிவிடி பாதியில் நின்றுவிடுகிறது. கடையில் கேட்டால், “பழைய சாமான்தானே அண்ணே” என்கிறார்கள். இந்த மாதிரிப் பெட்டி கண்ணில் பட்டால் தாராளமாக வாங்கலாம். காசு கொடுக்கும் முன் ஒவ்வொன்றாக எடுத்து, வெயிலில் திருப்பிக் கீறல் பார்த்துவிடுங்கள்.