வியர்க்கும் உள்ளங்கையும் எவர்சில்வர் தகடும்: நான்கு ஆண்டு அனுபவம்

வெள்ளைத் துண்டில் பழுப்புக் கறை இருப்பதை முதலில் கவனித்தது என் மனைவிதான். "டீயைக் கொட்டிவிட்டீர்களா?" என்று கேட்டாள். அது டீக்கறை அல்ல. வாரத்தில் மூன்று நாள் நான் கை வைத்து உட்காரும் தண்ணீர்த் தட்டில், எவர்சில்வர் தகட்டின்மேல் விரித்திருந்த துண்டு அது.

எனக்கு உள்ளங்கை அளவுக்கு மீறி வியர்க்கும். பிளஸ் டூ தேர்வில் விடைத்தாளுக்கும் கைக்கும் நடுவே கைக்குட்டை வைத்து எழுதியவன் நான். பிறகு அலுவலகத்தின் விரல்ரேகை இயந்திரம் ஒவ்வொரு காலையும் என் கையை மறுத்தது. தோல் மருத்துவர் சொன்ன வழி எளிது. இரண்டு தட்டுகளில் குழாய்த் தண்ணீர், ஒவ்வொன்றின் அடியிலும் மின்கம்பி இணைத்த ஒரு தகடு, மேலே இரண்டு கைகள், நடுவே ஒரே திசையில் ஓடும் மெல்லிய நேர்மின்னோட்டம், அவ்வளவுதான். 1968-இல் லெவிட் என்பவர் மருத்துவ இதழில் இதற்கான எளிய கருவியை விவரித்த பிறகுதான் வீட்டுச் சிகிச்சையாக இது பரவியது. எனக்குச் சொல்லப்பட்ட அளவு 15 மில்லி ஆம்பியர், 20 நிமிடம், பாதி நேரத்தில் முனை மாற்றம், அதாவது நேர்முனையாக இருந்த தட்டு எதிர்முனையாகும். நான்காவது வாரத்தில் கை காய்ந்தது. அன்று வேண்டுமென்றே நான்கு பேருக்குக் கைகொடுத்தேன்.

பலன் உண்டு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. என்னை உறுத்தியது அந்தக் கறைதான்.

எவர்சில்வர் துருப்பிடிக்காமல் இருக்கக் காரணம், அதன்மேல் தானாகப் படியும் மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலம். சாம்பாரையும் ரசத்தையும் அது தாங்கும். ஆனால் அதே உலோகத்தை நேர்முனையாக்கி உப்புத் தண்ணீரில் வைத்தால், உப்பிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தைத் துளைத்துவிடும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 15 மில்லி ஆம்பியர் 20 நிமிடம் ஓடினால் 18 கூலும் மின்னேற்றம். அது முழுக்க இரும்பைக் கரைப்பதிலேயே செலவானால், ஒரு முறைக்கு ஏறத்தாழ 5 மில்லிகிராம். இரும்பு போகட்டும், உடம்புக்குப் பழக்கமானதுதான். ஆனால் நல்ல பாத்திரங்களில் வரும் 304 ரகத்தில் ஏறத்தாழ 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உண்டு. அவையும் கூடவே கரையும். கரைந்த நிக்கல் நேர்மின்னேற்றம் கொண்ட அயனி. நேர்முனைத் தட்டில் இருக்கும் மின்னோட்டம் அத்தகைய அயனிகளைத் தகட்டிலிருந்து கையை நோக்கித்தான் தள்ளும். மருந்தைத் தோலுக்குள் செலுத்த இதே உத்தியைத்தான் மருத்துவமனைகளில் பயன்படுத்துகிறார்கள்.

கைக்கடிகாரக் கொக்கி பட்ட இடத்தில் எனக்குச் சிறு வயதிலேயே அரிப்பு வரும். கவரிங் நகை போட்டால் காது புண்ணாகிறவர்களுக்கு இது புரியும். பெரும்பாலும் நிக்கல்தான் காரணம். இரண்டாவது மாதம் மணிக்கட்டில், தண்ணீர் விளிம்பு தொடும் கோட்டில், அதே அரிப்பு வந்தபோது எவர்சில்வரை மூட்டை கட்டினேன்.

அடுத்து என்ன என்பதில் வீட்டில் ஆளுக்கொரு யோசனை. செம்புக் குடத்துத் தண்ணீர் நல்லதுதானே, செம்பு போடு என்றார் பெரியப்பா. குடத்தில் இரவு முழுக்க வைத்தாலும் செம்பு மிகக் கொஞ்சமாகத்தான் இறங்கும். நேர்முனையில் வைத்தால், அதே கணக்கின்படி 20 நிமிடத்தில் 6 மில்லிகிராம் வரை கரையும், தண்ணீர் நீலப்பச்சையாகும். வெள்ளியும் வேண்டாம். உடம்பில் வெள்ளி சேர்ந்தால் தோல் சாம்பல் நீலமாக மாறிவிடும், பிறகு பழைய நிறம் திரும்பாது. பழைய டார்ச் பேட்டரியை உடைத்துக் கரிக்குச்சியை எடுக்கச் சொன்னார் ஒருவர். அதில் ஒட்டியிருக்கும் மாங்கனீசுக் கசடோடு கையை ஊறவைக்க எனக்குத் துணிவில்லை.

அலுமினியத்தை எட்டு மாதம் பயன்படுத்தினேன். விற்பனைக்கு வரும் கருவிகள் பலவற்றில் இருப்பது இதுதான். இதுவும் கரையும், எதிர்முனைப் பக்கக் காரத்தன்மையிலும் அரிக்கப்படும். தட்டில் வெண்ணிறக் கலங்கல் படியும். ஆனால் நிக்கல் இல்லை, எனக்கு அரிப்பும் இல்லை. தகடு குழிகுழியானதும் தூக்கிப்போட்டேன்.

இப்போது மூன்று ஆண்டுகளாகச் சிலிக்கோன்-கிராஃபைட் தகடு (கரித்தூள் கலந்த ரப்பர் போன்றது). பிசியோதெரபி நிலையங்களில் முழங்காலில் கட்டுவார்களே, அந்தக் கறுப்பு ரப்பர் பட்டையின் உறவுக்காரன். கரைவதற்கு உலோகம் இல்லை. நேர்முனையில் மெல்லத் தேய்ந்து கரித்தூள் உதிரும். துண்டில் இப்போது கறுப்புக் கறை. மின்தடையும் நாளடைவில் ஏறும், அதனால் ஒரு முறை தகட்டை மாற்றினேன். கார்பன் எல்லாவற்றையும் தீர்த்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நேர்முனைப் பக்கம் அமிலமாவது எந்தத் தகட்டிலும் நிற்காது; அந்தக் கை காய்ந்து சிவக்கும். முனையை மாற்றுவதும் தேங்காய் எண்ணெயும்தான் கைகொடுக்கின்றன.

தகட்டைப் போலவே தண்ணீரும் முக்கியம் என்பதைக் கோயம்புத்தூரில் இருப்பதால் நன்றாகவே கற்றேன். எங்கள் வீட்டுக்கு இரண்டு தண்ணீர். சிறுவாணித் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு. மீட்டர் முள் 6 மில்லி ஆம்பியரைத் தாண்ட மறுத்தது. போர் தண்ணீரில் 15 சுலபமாக வந்தது, கூடவே பிளீச்சிங் பவுடர் நெடியும். குளோரைடு குளோரினாக மாறுகிறது என்று பொருள். இப்போது சிறுவாணித் தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் சோடா போடுகிறேன். நெடி இல்லை.

அம்மாவின் முழங்கால் வலிக்கு வாங்கிய, தோலில் பட்டை ஒட்டி மின்துடிப்பு செலுத்தும் டென்ஸ் கருவிக்கு இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை. அதில் இரு திசையிலும் மாறிமாறித் துடிப்பு செல்வதால் ஒரே பக்கமாகக் கரைவது குறைவு. அங்கே தொல்லை பட்டையின் பசை காய்வதில்தான். காய்ந்த பட்டை ஒரு மூலையில் மட்டும் ஒட்டும், மின்னோட்டம் முழுவதும் அங்கேயே குவிந்து சுரீரென்று குத்தும். ஒரு துளி தண்ணீர் தடவினால் சில நாள் ஓடும். அதற்குமேல் இழுக்காமல் புதிது வாங்குவதே நல்லது.

நான் செய்வதைப் பார்த்து என் தங்கையும் தொடங்க நினைத்தாள். அப்போது கர்ப்பமாக இருந்தாள். மருத்துவர் வேண்டாம் என்றார். பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கும் இதேதான். மற்றவர்கள் மோதிரத்தைக் கழற்ற வேண்டும், கீறல் இருந்தால் வாசலின் பூச வேண்டும், கருவியைச் சார்ஜரில் செருகியபடி கையை நனைக்கக் கூடாது. மின்னோட்டத்தைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவராமல் கையை வெளியே எடுத்தேன், ஒரே ஒரு முறை. குக்கர் விசில் அடித்தது. தோள்வரை உதறிய அந்த அதிர்ச்சிக்குப் பிறகு, எத்தனை விசில் அடித்தாலும் நான் எழுவதில்லை.