பழைய ஜீப்பின் முன் ஆக்சில்: பழுதுபார்ப்பதா, மாற்றுவதா?

என் மகிந்திரா சி.ஜே. 3பி ஜீப்பின் ஸ்டீயரிங், 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினாலே உதறத் தொடங்கியது. ஜாக்கியில் ஏற்றிப் பார்த்தபோது இரு முன்சக்கரங்களின் உட்புறமும் எண்ணெய்ப் பிசுக்கு அப்பியிருந்தது. அதில் இருப்பது டானா 25 வகை ஆக்சில், அதாவது இரு முன்சக்கரங்களையும் தாங்கும் அச்சு. அதன் முனையிலுள்ள இரும்புக் குண்டின்மேல், சக்கரத்தைத் திருப்பும் மூட்டான நக்கிள் கூடுபோலக் கவிந்திருக்கும். உள்ளிருக்கும் கிரீஸ் வெளியேறாதபடி ஒரு சீல் அந்தக் குண்டை ஒட்டியே தேய்ந்துகொண்டிருக்கும். இதையே பிரித்துச் சரிசெய்வதா, பிற்கால வண்டியின், இந்தக் குண்டும் கூடும் இல்லாத திறந்த நக்கிள் ஆக்சிலுக்கு மாறுவதா என்று யோசித்துப் பழையதையே வைத்துக்கொண்டேன்.

திறந்த நக்கிளின் நன்மைகள் வெளிப்படையானவை. ஒழுகுவதற்குக் குண்டே இல்லை. வண்டி குறுகிய இடத்தில் திரும்பும். டிஸ்க் பிரேக் பொருத்துவது எளிது. அமெரிக்க சி.ஜே. ஜீப்புகளே 1972-இல் திறந்த நக்கிள் வகையான டானா 30-க்கு மாறிவிட்டன. ஆனால் என் வண்டியின் பின் ஆக்சில் 5.38 விகிதம் (சக்கரம் ஒருமுறை சுற்ற இயக்கத்தண்டு சுற்றும் எண்ணிக்கை) கொண்டது. முன்னும் பின்னும் விகிதம் ஒன்றாக இல்லாவிட்டால், ஃபோர் வீலில் கெட்டித் தரையில் ஓட்டும்போது முன், பின் ஆக்சில்களுக்கு விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொள்ளும். புது ஆக்சிலின் டிஃபரன்ஷியல் (இரு சக்கரங்களுக்கும் விசையைப் பங்கிடும் பல்சக்கரத் தொகுதி) வலப்புறம் இருக்க வேண்டும்; ஸ்பிரிங் பட்டை உட்காரும் இடத்தையும் வெட்டி வெல்டிங் செய்ய நேரலாம். இப்படி மாற்றிய நண்பரின் வண்டியை ஒருநாள் மட்டுமே ஓட்டினேன். அது சுகமாகத்தான் திரும்பியது, நெடுநாள் உழைப்பைப் பற்றி என்னால் உறுதி கூற இயலாது.

என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்புதான். மூடிய நக்கிள் ஒழுகியே தீரும் என்று பலர் சொல்வதுண்டு. சீலை மட்டும் மாற்றினால் அப்படித்தான் ஆகும். துருவால் குழி விழுந்த குண்டின்மேல் எவ்வளவு நல்ல சீலைப் போட்டாலும் அந்தக் குழிகளின் விளிம்பு அதைக் கிழித்துவிடும். குண்டைத் தனியே கழற்றி லேத்தில் கொடுக்க முடியாது என்பதால், குழிகளை உலோக எபாக்ஸியால் நிரப்பி, நுண்ணிய உப்புத்தாளால் இரண்டு நாள் கையாலேயே தேய்த்தேன். ஆக்சில் குழாயினுள் இருக்கும் உட்சீலைப் பெரும்பாலும் யாரும் தொடுவதில்லை. அது தளர்ந்தால் டிஃபரன்ஷியல் எண்ணெய் நக்கிளுக்குள் இறங்கிக் கிரீஸைக் கரைத்துவிடும். வெளிச்சீல் மீது பழி விழும்.

உதறலுக்குக் காரணம், நக்கிள் திரும்பும் அச்சாணியான கிங் பின்னின் பேரிங்குகள். சக்கரம் பெரும்பாலும் நேராகவே நிற்பதால் ரோலர்கள் கிண்ணத்தில் தடம் பதித்திருந்தன. நான்கையும் மாற்றி, இரு சக்கரங்களையும் இணைக்கும் டை ராடைக் கழற்றி, வெளிச்சீலைப் பூட்டுவதற்கு முன்பே நக்கிளை ஸ்பிரிங் தராசால் இழுத்துப் பார்த்து, ஷிம் எனும் மெல்லிய தகடுகளைக் கூட்டியும் குறைத்தும் இறுக்கத்தை அமைத்தோம். சீல் பூட்டிய பிறகு அளந்தால் அதன் உராய்வும் கணக்கில் சேர்ந்து ஏமாற்றும்.

பிரேக் விஷயத்தில் என் தேர்வு பின்தங்கியதே. 9 அங்குல டிரம்கள் நனைந்தால் பிடிக்கத் தாமதமாகிறது. போடிமெட்டு மலைச்சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் பாரத்தோடு தினமும் இறங்குபவர் திறந்த நக்கிளைத் தேர்ந்தால் நான் மறுக்கமாட்டேன். என் வண்டி மாதத்தில் நான்கைந்து நாள் ஓடுவது. இரண்டு மழைக்காலத்துக்குப் பின் வலப்பக்கம் காய்ந்திருக்கிறது. குழிகள் மிகுந்திருந்த இடப்பக்கத்தில் மட்டும் லேசான கசிவு தெரிகிறது.