சேற்றில் ஒரு வருஷம் பழகிய உப்புமானி

முத்துப்பேட்டைப் பக்கம், பட்டுப்போன அலையாத்திக் காட்டில் வாய்க்கால் வெட்டும் வேலையில் இருக்கிறேன். போன வருஷம் ஆன்லைனில், நீரில் உப்பு எவ்வளவு என்று காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று வாங்கினேன். இறால் பண்ணைக்காரர்கள் வைத்திருப்பார்களே, அந்தக் குழாய்தான். விலை இரண்டாயிரத்துக்குள்.

கண்ணாடி முகத்தில் இரண்டு சொட்டு நீர் விட்டு, மூடியை அழுத்தி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். நீலமும் வெள்ளையும் சேரும் கோடுதான் உப்பின் அளவு. கடல்நீருக்கு 35 வாக்கில் காட்டும், அதாவது ஆயிரம் பங்கில் 35 பங்கு உப்பு. பேட்டரி கிடையாது, சேற்றில் அதுவே பெரிய நிம்மதி.

இதற்கு முன்னால் எங்கள் மானி, கூட வரும் மீனவப் பெரியவரின் நாக்குதான். குழி நீரை விரலில் தொட்டு வைத்துப் பார்த்து, "கடலைவிடக் கரிக்குதும்மா, இங்க வெட்டச் சொல்லு" என்பார். தப்பியதில்லை. ஆனால் போன மாதத்துக்கு இப்போது உப்பு இறங்கியிருக்கிறதா என்று கேட்டால் நாக்கு என்ன செய்யும்?

எங்களுக்கு அந்தக் கணக்குதான் முக்கியம். பழைய காலத்தில் காட்டைக் கூறு போட்டு மொட்டையாக வெட்டியதில், வெயில் நேரே விழுந்து தரை காய்ந்து, தொட்டிபோல் தாழ்ந்துவிட்டது. இந்தக் கரையில் ஓதம், அதாவது ஏறி இறங்கும் கடல்நீர், ஒரு மீட்டர்கூட ஏறாது. ஏறிய நீரும் திரும்ப வழியில்லாமல் அங்கேயே வற்றி, உப்பை விட்டுப் போகும். ஓரத்தில் உப்பைத் தாங்கும் உமிரிச் செடி நிற்கும். நடுவில் அதுவும் இல்லை. அதனால்தான் நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இரு பக்கமும் சாய்வாகக் கிளைகள் என்று மீன்முள் மாதிரி வெட்டுகிறோம். ஓதம் வந்து போய் உப்பைக் கழுவ வேண்டும். கன்று நடுவதெல்லாம் அப்புறம்தான்.

குறைகளும் உண்டு. அளவுகோல் 100-உடன் முடிகிறது. சித்திரை வெயிலில் நடுத்தொட்டி நீர் அதையும் தாண்டிவிடும். சம அளவு காய்ச்சி வடித்த நீர் கலந்து, வந்த அளவை இரட்டிப்பாக்கிக்கொள்கிறேன், உத்தேசக் கணக்குதான். சூட்டுக்கு ஏற்பக் கருவி தானே செய்துகொள்ளும் வெப்பத் திருத்தம் 30 டிகிரி வரைக்கும்தானாம். நம் ஊரில் அது காலை எட்டு மணி! நிழலில் ஆறவைத்துப் பார்க்காவிட்டால் அளவு தப்பும். கலங்கல் நீரில் கோடு மங்கும், துணியில் வடிகட்டுங்கள். துடைக்காமல் வைத்தால் கண்ணாடியில் உப்பு பூத்துவிடும்.

நாலு நட்சத்திரம் தருகிறேன். ரப்பர் பிடி ஆறாம் மாதமே கழன்றுவிட்டது. சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றியிருக்கிறேன்.