51 துண்டு பின்னம் செட், மூணு மாசம் வீட்ல வச்சு பாத்த அனுபவம்

எங்க பெரியவ மூணாங்கிளாஸ், இங்கிலீஷ் மீடியம். போன டெர்ம்ல ஃப்ராக்‌ஷன் ஆரம்பிச்சாங்க, நோட்ட பாத்தா எல்லாத்துக்கும் டிக் விழுந்திருக்கு, சரி புரிஞ்சிருச்சு போலன்னு நெனச்சுட்டு ஒரு நாள் சும்மா கேட்டேன், 1/3 பெருசா 1/4 பெருசான்னு. யோசிக்கவே இல்ல, "1/4 தான்மா, மூணை விட நாலு பெருசுல்ல"ன்னுட்டா. வட்டத்துல கால்வாசிக்கு கலர் அடிக்க தெரியுது, ஒன் பை ஃபோர்னு எழுத தெரியுது, ஆனா அது எவ்ளோன்னு தெரியல. எனக்கு மனசு கேக்கல, அன்னைக்கு ராத்திரியே ஆன்லைன்ல தேடி இந்த மரத்துண்டு செட்ட ஆர்டர் போட்டேன். 640 ரூபா, அஞ்சு நாள்ல வந்துச்சு. கம்பெனி பேர் போடல, இதே டிசைன் பல பேர்ல விக்குது.

உள்ள என்ன இருக்குன்னா ஒரு மரத்தட்டு, அதுல ஒம்பது வரிசை. முதல் வரிசைல ஒரே நீளத்துண்டு, அதான் முழுசு. அப்புறம் ரெண்டு அரை, மூணு 1/3, நாலு கால், அஞ்சு 1/5, ஆறு 1/6, எட்டு 1/8, பத்து 1/10, பன்னெண்டு 1/12, எல்லாம் கூட்டுனா 51 துண்டு. வரிசைக்கு ஒரு கலர். இதே 51 துண்டு வட்டமா பீட்சா மாதிரி வெட்டியும் கெடைக்குது, ரெண்டையும் பாத்துட்டு தான் நீளத்துண்டு வாங்குனேன், அதுல எனக்கு இப்பவும் திருப்தி தான். ஏன்னா வட்டத்துல 1/5 துண்டையும் 1/6 துண்டையும் பக்கத்துல வச்சா எது பெருசுன்னு சின்ன புள்ளைங்களுக்கு சட்டுன்னு புடிபடாது, நீளத்துல அந்த பிரச்சனை இல்ல, ஒண்ணுக்கு கீழ ஒண்ணு வச்சா எது நீட்டிட்டு நிக்குதோ அது பெருசு. வட்டத்துக்குன்னு ஒரு நல்லது இருக்கு, ஒத்த துண்டு கைல இருந்தாலும் முழுசாக இன்னும் எவ்ளோ வேணும்னு தெரியும். அக்கா பையன் மாண்டிசோரி ஸ்கூல்ல படிக்கிறான், அங்க உலோகத்துலயே வச்சிருக்காங்க, பச்சை ஃப்ரேமுக்குள்ள சிவப்பு வட்டம், முழுசுல ஆரம்பிச்சு பத்துல ஒண்ணு வரைக்கும், துண்டுக்கு துண்டு புடிச்சு தூக்க ஒரு குமிழ். அந்த மாண்டிசோரி முறைய உருவாக்குன மரியா மாண்டிசோரி அம்மா 1939லயே அடையாறுக்கு வந்து டீச்சருங்களுக்கு பாடம் எடுத்தவங்க, கையால தொட்டு படிக்கிறதுங்கறது நம்ம ஊருக்கு புதுசு இல்ல.

இப்ப கோளாறுக்கு வரேன். வந்த அன்னைக்கே ஆசையா தட்டுல அடுக்குனா, அடுக்கிட்டு "அம்மா, மூணு 1/3 சேத்தா முழுசு வரும்னு சொன்ன, வரலயே"ன்னா. குனிஞ்சு பாத்தா உண்மை தான், ஓரத்துல ஒரு சந்து. ஸ்கேல் எடுத்து அளந்தேன். முழுசு 24 செ.மீ, அப்ப 1/3 சரியா 8 செ.மீ இருக்கணும், இது 7.8 தான் இருக்கு, மூணும் சேந்து 23.4. ஆறு மில்லிமீட்டர் கொறையுது. மத்த பொம்மைல இது ஒரு விஷயமே இல்ல, ஆனா இதுல அது தானே பாடம், பங்கு எல்லாம் சேந்தா முழுசு வரணும்னு காட்டத்தான காசு குடுத்து வாங்குறோம். ஸ்கேலோட சேத்து ஃபோட்டோ எடுத்து அனுப்புனேன், ரெண்டு தடவை "பார்ட் மிஸ்ஸிங்கா மேடம்"னு கேட்டாங்க, மிஸ்ஸிங் இல்லங்க, நீளம் கம்மின்னு திரும்ப திரும்ப சொல்லி புரிய வச்சு, ஒரு வாரம் கழிச்சு வேற செட் வந்துச்சு. அது பரவால்ல, ஒரு பேப்பர் நொழையுற சந்து தான்.

ரெண்டாவது விஷயம் கலர். இத யாரும் ரிவ்யூல சொல்லல, வாங்கி பத்து நாள் கழிச்சு தான் எனக்கே புரிஞ்சுது. அரைன்னா என்னடின்னு கேட்டா "பிங்க்"குன்னு சொல்றா, கால்னா "மஞ்சள்". கலர மனப்பாடம் பண்ணிட்டா. எல்லா துண்டையும் கவுத்து போட்டேன், நல்லவேளை பின்பக்கம் பெயின்ட் இல்லாம வெறும் மரம், நம்பரும் இல்ல. "இப்ப இதுல அரை எது, எடு"ன்னேன். முழிச்சா. அப்புறம் தானா ஒரு துண்ட எடுத்து முழுசு மேல வச்சு, இன்னொரு தடவை நகத்தி வச்சு, "இது ரெண்டு தடவை போகுதும்மா"ன்னா பாருங்க, அங்க தான் ஆரம்பிச்சுது. அதுக்கப்புறம் ரெண்டு வாரம் துண்ட நிமித்தவே இல்ல, எத்தன தடவை போகுதுன்னு எண்ணி எண்ணியே பேர் வச்சா. வாங்குறவங்க இத கட்டாயம் செய்ங்க, ஓரத்துலயும் கலர் இருந்தா வெள்ளை டேப் ஒட்டிருங்க.

அந்த பேர் வைக்கிறதுல தான் எனக்கு பெரிய சந்தோஷம். ஸ்கூல்ல ஒன் பை த்ரீ, ஒன் பை ஃபைவ்னே சொல்லி பழகிட்டா, அதுல ஒண்ணுக்கு கீழ ஒரு நம்பர்ங்கறத தவிர ஒண்ணும் தெரியாது. நான் "மூணுல ஒண்ணு, அஞ்சுல ஒண்ணு"ன்னு மாத்துனேன். நம்ம தமிழ்ல மொத்தம் எத்தன பங்குன்னு மொதல்ல சொல்லிட்டு அதுல நமக்கு எத்தனன்னு அப்புறம் சொல்றோம். "முறுக்க மூணா ஒடச்சு அதுல ஒண்ணு தரவா, நாலா ஒடச்சு அதுல ஒண்ணு தரவா"ன்னு கேட்டேன், "மூணுல ஒண்ணு"ன்னு சட்டுன்னு வந்துச்சு. அதே புள்ள தான், அதே கணக்கு தான்.

இன்னொன்னு, பெட்டில முழுசு எப்பவும் அந்த ஒரே நீளத்துண்டு. அதனால அரைன்னா எப்பவும் இத்தன பெருசுன்னு புள்ளைங்க நெனச்சுக்கும். இதுக்கு வெளில வந்தே ஆகணும். அம்மா மதுரைல இருந்து வந்தப்ப பழைய படி, உழக்கு, ஆழாக்கு எல்லாம் கொண்டு வந்தாங்க, அரிசிய ஊத்தி ஊத்தி அளந்தோம், ரெண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, நாலு உழக்கு ஒரு படி. உழக்குங்கறது படில கால், ஆழாக்கு அதுல பாதி, அரைக்கால். 1/8க்கு தமிழ்ல தனி பேரே இருக்குன்னு அவளுக்கு ஒரே ஆச்சரியம். அதுல பாதிக்கும் பேர் இருக்கு, 1/16 மாகாணி, வீசம்னும் சொல்லுவாங்கன்னு அம்மா சொன்னதும் பேப்பர்ல எழுதி தட்டுல ஒட்டிட்டா. அடுத்த நாள் இட்லிக்கு நாலு உழக்கு அரிசி, ஒரு உழக்கு உளுந்து ஊறப்போட்டோம். "உளுந்து கால் பங்கு அம்மாச்சி"ன்னா. "அரிசில தான் கால் பங்கு, மொத்தமா எத்தன உழக்கு ஊறுது எண்ணு"ன்னாங்க அம்மா. எண்ணுனா, அஞ்சு. ஓடிப்போய் 1/5 துண்ட எடுத்துட்டு வந்து, "அப்ப இது தான்"னா. எதுல கால், எதுல அரைன்னு கேக்குற பழக்கம் அன்னைக்கு வந்தது தான், அது பெட்டில இல்ல, அம்மா குடுத்தது.

வீட்ல கைக்குழந்தை இருந்தா கவனம், 1/12 துண்டு வெறும் 2 செ.மீ நீளம், வாய்க்குள்ள போயிரும். எங்க சின்னவனுக்கு ரெண்டு வயசு, அதனால அந்த பன்னெண்டையும் தனி டப்பால மேல வச்சிருக்கேன்.

காசு போட வேணாம்னா சார்ட் பேப்பர்ல 24 செ.மீ நீளத்துக்கு பட்டையா வெட்டிக்கோங்க. அரை, கால், அரைக்கால் மூணும் மடிச்சாலே வந்துரும், அந்த மடிக்கிறதே நல்ல பாடம். 1/3க்கு 8 செ.மீ, 1/6க்கு 4, 1/12க்கு 2, ஸ்கேல் வச்சு கோடு போட்டுறலாம். 1/5ம் 1/10ம் தான் 4.8, 2.4ன்னு இழுக்கும், அதுக்கு 30 செ.மீ பட்டை எடுத்தா 6, 3ன்னு சுலபமா வரும், ஆனா முழுசையும் 30க்கு மாத்தணும், ரெண்டையும் கலந்துறாதீங்க. மரத்துண்டோட லாபம் அது மடங்காது, நழுவாது, கைல கனம் தெரியும். எங்களுக்கு அடுத்த ரெண்டு மூணு வருஷத்துக்கும் உதவும்னு நெனைக்கிறேன், ஏன்னா அரையையும் மூணுல ஒண்ணையும் சேத்து வச்சா கீழ 1/6 துண்டு அஞ்சு அச்சா உக்காருது. மேலயும் கீழயும் கூட்டி 2/5ன்னு எழுதுற புள்ளைங்களுக்கு ரெண்டு 1/5 துண்ட அரைக்கு பக்கத்துல வச்சு காமிச்சா போதும், அது அரையை விடவே சின்னது.

என்னோட மார்க் அஞ்சுக்கு நாலு. வெட்டு சரியா இருந்தா 640 குடுக்கலாம். பார்சல் வந்ததும் மத்தது எதையும் பாக்காம மூணு 1/3 துண்டயும் முழுசு பக்கத்துல வச்சு பாத்துருங்க, ரிட்டர்னுக்கு ஏழு நாள் தான் டைம் குடுக்குறாங்க.