டேபிள் கெட்டுவிட்டது என்று சொல்லிப் 18,000 ரூபாய்

பாரிமுனையில் காகித மொத்த வியாபாரம் செய்கிறேன். சரக்குக் கணக்கு முழுவதும் ஆரக்கிள் எக்ஸ்பிரஸ் எடிஷன் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்ள வருகிறவர் போன மாதம் என்னை ஏமாற்றிய விதத்தை எழுதுகிறேன். உங்கள் கடையிலும் யாராவது இதையே சொல்லக்கூடும்.

சரக்கு டேபிளின், அதாவது டேட்டாபேஸில் சரக்கு விவரம் இருக்கும் அட்டவணையின், அமைப்பை ஆடிட்டர் கேட்டார். ஆரக்கிளுக்குக் கட்டளை அடிக்கும் எஸ்க்யூஎல் பிளஸ் திறந்து, டேபிளின் அமைப்பைக் காட்டும் டெஸ்க் கட்டளை கொடுத்தேன். எப்போதும் பெயர், காலியாக விடலாமா, என்ன வகை என்று பக்கம் பக்கமாக மூன்று பத்தியில் அடக்கமாக வரும். அன்று வந்ததோ அலங்கோலம். ‘நேம்’ என்ற தலைப்பு ஓரிடத்தில், அதன் கீழே வரிவரியாக வெறும் கோடுகள், பிறகு வெற்றிடம், நடுவில் அநாதையாக ஒரு ‘நாட் நல்’, இன்னும் தள்ளி ‘வார்சார்2(40)’. எது எதற்கு உரியது என்று திரையில் விரல் வைத்துப் பார்த்தும் விளங்கவில்லை.

படம் எடுத்து அனுப்பினேன். அரை மணியில் வந்து நின்றார். (கூப்பிட்டால் மூன்று நாள் கழித்து வருகிறவர், அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.) “டேபிள் கெட்டுவிட்டது சார். விட்டால் மொத்த டேட்டாவும் போய்விடும்” என்றார். அன்று 18ஆம் தேதி. 20க்குள் ஜிஎஸ்டி கணக்குக் கொடுக்க வேண்டும். வயிற்றைக் கலக்கியது. என்னை டீ குடித்துவிட்டு வரச் சொன்னார். திரும்பி வந்தபோது எல்லாம் ஒழுங்காக இருந்தது. பில்லில் டேபிள் ரிப்பேர் 14,000, லைசென்ஸ் புதுப்பிப்பு 4,000. எக்ஸ்பிரஸ் எடிஷன் இலவசம் என்பது அன்று எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை திறந்தால் மறுபடி அதே அலங்கோலம்.

இந்த முறை அக்கா மகளைக் கூப்பிட்டேன். தரமணியில் வேலை செய்கிறாள். ‘ஷோ லைன்சைஸ்’ என்று அடித்தாள். 1000 என்று வந்தது. ‘செட் லைன்சைஸ் 80’ கொடுத்து மறுபடி டெஸ்க். மூன்று பத்தியும் வரிசையில் நின்றன.

“இவ்வளவுதான் மாமா” என்றாள். ஒரு வரிக்கு எத்தனை எழுத்து என்பதுதான் அந்த எண். 1000 வைத்தால் டெஸ்க் தன் பத்திகளை அந்த அகலத்துக்கு இழுத்து விரிக்கும். திரையோ நூறு, நூற்றிருபது எழுத்தில் மடக்கிவிடும். மேலும், டெஸ்க் நம் பதிவுகளைத் தொடுவதே இல்லை. டேபிளின் அமைப்பை மட்டும் எடுத்துக் காட்டுகிறது. “டேட்டா எழுதி வைத்திருக்கும் பிளாக் நிஜமாகவே கெட்டிருந்தால், பதிவுகளைப் படிக்கும் செலக்ட் கட்டளை போடும்போது ஓஆர்ஏ-01578 என்று பிழை வரும். அதைக் காட்டச் சொன்னீர்களா?” நான் எங்கே கேட்டேன்!

அந்த 1000 எங்கிருந்து வந்தது என்று தேடினாள். எஸ்க்யூஎல் பிளஸ் திறக்கும்போதெல்லாம் தானாக ஓடும் ஜிலாகின் கோப்பில் இருந்தது. அகலமான ரிப்போர்ட் ஒன்றுக்காக இதே ஆள் இரண்டு வாரம் முன்பு எழுதி வைத்த வரி.

போன் செய்தேன். “வந்து போன நேரத்துக்குத்தான் சார் வாங்கினேன்” என்றார். பில்லில் அப்படியா இருக்கிறது என்று கேட்டதும் லைசென்ஸ் பணம் 4,000 மட்டும் திரும்பி வந்தது. மீதி 14,000க்கு இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்; இப்போது போனை எடுப்பதில்லை.