காபியின் சுவை பழக: கிண்ணமா, வி60-யா, ஃபில்டரா?

போன மாதம் ஏற்காட்டுத் தோட்டம் ஒன்றிலிருந்து இரண்டு பொட்டலம் கொட்டை வாங்கினேன். ஒரே தோட்டம், ஒரே அராபிகா ரகம், ஒரே நாள் வறுத்தது. ஒன்று, பழத்தோலை உரித்துக் கழுவிக் காயவைத்தது. மற்றது, பழத்தோடு அப்படியே வெயிலில் உலர்த்தியது. முதல் பொட்டலத்தில் ‘ஆரஞ்சு, கேரமல்’ என்றும் இரண்டாவதில் ‘ப்ளூபெர்ரி, ஒயின்’ என்றும் அச்சடித்திருந்தார்கள். இந்த வித்தியாசம் என் நாக்குக்கு எட்டுமா, எட்டினால் எந்த முறையில் போட்டுக் குடித்தால் எட்டும் என்று பார்க்க ஆசை. வீட்டு ஃபில்டர், அழுத்தி வடிக்கும் ஃப்ரெஞ்சு பிரஸ், வி60 என்ற கூம்பு வடிகட்டி, வெறும் கிண்ணம் என்று நான்கு விதமாகவும் போட்டுப் பார்த்தேன்.

முதலில் வீட்டு ஃபில்டர். தினமும் காலையில் நான் குடிப்பது இதுதான், பாலோடு சேர்வதற்கு இதன் டிகாஷனை மிஞ்ச வேறில்லை. ஆனால் சுவையைப் பிரித்துப் பார்க்க இது சரிவரவில்லை. துளித்துளியாக இறங்கி முடிப்பதற்குள் சூடு போய்விடுகிறது. டிகாஷனின் அடர்த்தியில் எல்லாச் சுவையும் ஒன்றாகத் திரண்டு நிற்கிறது. பால் விட்டால் புளிப்பு அடங்கிவிடும், சிக்கரி கலந்த பொடியாக இருந்தால் கொட்டையின் நுண்ணிய வாசனையும் போய்விடும். டிகாஷனில் வெந்நீர் விட்டுக் குடித்தபோது கொஞ்சம் பிரிந்தது. அப்போதும் ‘இது திடம், அதில் ஏதோ பழ வாசனை’ என்பதற்கு மேல் சொல்ல வரவில்லை.

ஃப்ரெஞ்சு பிரஸ் சுலபம். பொடியைப் போட்டு, வெந்நீர் ஊற்றி, நான்கு நிமிடம் கழித்து அழுத்தினால் முடிந்தது. வாயில் கனமாக, வழவழப்பாக இருக்கும். கடைசி இரண்டு வாய் வண்டல்தான்.

வி60-ஐப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகச் சொல்ல வேண்டும், சுவை பழக ஆரம்பிக்கிறவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது இதைத்தான். காகித வடிகட்டி எண்ணெயையும் நுண்பொடியையும் பிடித்துக்கொள்வதால் காபி தேநீர் போலத் தெளிவாக இறங்கும். 15 கிராம் பொடிக்கு 240 மில்லி தண்ணீர், மூன்று நிமிடத்துக்குள் முடியும். நன்றாக அமைந்த நாளில் கழுவிய கொட்டையில் கமலா ஆரஞ்சுத் தோலைக் கிள்ளியது போன்ற வாசனை பளிச்சென்று வந்தது. மறுநாள் அதே கொட்டையில் வெறும் கசப்பு. குற்றம் கொட்டையில் இல்லை, தண்ணீரை நான் ஊற்றிய விதத்தில். கை பழகும் வரை, ருசிப்பது கொட்டையையா உங்கள் கையையா என்றே தெரியாது.

அதனால்தான் நான் கிண்ணத்தின் பக்கம். காபி வியாபாரிகள் ‘கப்பிங்’ என்று செய்வதை அப்படியே வீட்டில் செய்யலாம், கைத்திறமை தேவையே இல்லை. அவர்கள் கணக்கு 150 மில்லிக்கு 8.25 கிராம். சமையலறைத் தராசில் கால் கிராமைப் பார்க்க முடியாது, ஆகவே 200 மில்லிக்கு 11 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள், விகிதம் அதேதான். ஒரே அளவில் இரண்டு கிண்ணம், கொஞ்சம் கொரகொரப்பாக அரைத்த பொடி, கொதித்து அரை நிமிடம் ஆறிய தண்ணீர். ஊற்றிவிட்டு நான்கு நிமிடம் தொடாதீர்கள். பொடி மேலே ஏடு கட்டி நிற்கும். மூக்கைக் கிண்ணத்தோடு ஒட்டிவைத்து, கரண்டியின் முதுகால் அந்த ஏட்டை மெதுவாக விலக்குங்கள். அடைந்து கிடந்த வாசனை முழுவதும் அந்த ஒரு நொடியில் முகத்தில் மோதும். இந்த நொடி மற்ற மூன்று முறையிலும் கிடையாது.

அப்புறம் நுரையை வழித்துவிட்டு, சூடு தணிந்ததும் கரண்டியால் எடுத்துச் சத்தமாக உறிஞ்சுங்கள். வாயிலிருந்து தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும் வாசனையைத்தான் நாம் சுவை என்கிறோம். சந்தேகமிருந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடித்துப் பாருங்கள்: புளிப்பும் கசப்பும் இருக்கும், பழம் காணாமல் போயிருக்கும். ஆற ஆற இரண்டு கிண்ணமும் விலகிக்கொண்டே போயின. கழுவியது எலுமிச்சையில் தொடங்கி வெல்லப் பாகில் முடிந்தது. மற்றதை அம்மாவிடம் நீட்டினேன். ஒரு கரண்டி உறிஞ்சிவிட்டு, “பலாப்பழம் அறுத்த வீட்டுல நுழைஞ்ச மாதிரி இருக்குடா” என்றாள். பொட்டலத்தில் இருந்த ப்ளூபெர்ரியை நான் எத்தனை முறை தேடியிருப்பேன்! அம்மாவுக்கு ஒரே வாயில் பலா கிடைத்துவிட்டது.

இங்கேதான் அடுத்த போட்டி: சுவைச் சக்கரமா, சொந்தச் சொல்லா? அமெரிக்கக் காபிச் சங்கம் 1995-இல் வெளியிட்டு, 2016-இல் புதுப்பித்த சக்கரம், அதாவது காபியின் சுவைகளைப் பெயர் சொல்லி வகைபிரித்துக் காட்டும் வட்டப் படம், உலகம் முழுக்கப் புழங்குகிறது. அதில் ராஸ்பெர்ரி உண்டு, மேப்பிள் பாகு உண்டு. பலா இல்லை, புளி இல்லை, வெல்லம் இல்லை. ஆனாலும் அதைத் தூக்கிப் போட மாட்டேன். நடுவிலிருந்து வெளியே போகும் அதன் வரிசை நல்ல பழக்கம் தருகிறது: பழமா, பருப்பா, பூவா? பழம் என்றால் புளிப்புப் பழமா, உலர்ந்த பழமா? அதுவரை சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு போங்கள். கடைசிச் சொல் மட்டும் நீங்கள் தின்று வளர்ந்ததாக இருக்கட்டும்.

நமக்கு இதில் ஒரு வசதியும் இருக்கிறது. கசப்பு வேறு, துவர்ப்பு வேறு என்று சின்ன வயதிலேயே தெரிந்தவர்கள் நாம். காபி நாக்கை வறட்டினால் அது வாழைப்பூவின் துவர்ப்பு, பாகற்காயின் கசப்பு அல்ல. புளிப்பிலும் அப்படித்தான். ‘காபி புளிக்குது’ என்பது நம் வீடுகளில் குறை சொல்லும் பேச்சு. நெல்லிக்காய்ப் புளிப்பா, மாங்காய்ப் புளிப்பா, புளித்த மோரா என்று கேட்டுப் பாருங்கள். முதல் இரண்டும் நல்ல கொட்டைக்கு அழகு. மூன்றாவது வந்தால் மட்டும் கொட்டையைச் சந்தேகப்படலாம்.

தண்ணீரை மறந்துவிடாதீர்கள். உப்பு மிகுந்த போர் தண்ணீர் அந்த நல்ல புளிப்பை விழுங்கிவிடும். என் இரண்டு கிண்ணமும் முதல் தடவை ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்ததற்கு அதுதான் காரணம், கேன் தண்ணீருக்கு மாறிய பிறகே பலா வந்தது.